கணக்கில் ஏறாத கீழாநெல்லி

பி.காம். படிப்பவர்களுக்கு நற்பெயர் என்று ஒரு பாடம் உண்டு. குட்வில் என்று சொன்னால்தான் வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியும். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒருவர் நாற்பது வருடமாக நாட்டு மருந்துக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இருக்கிறது, வாடிக்கை இருக்கிறது, ஜனங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இதை அவர் தன் இருப்புநிலைக் குறிப்பில் ஒரு ரூபாய்க்குக் கூடக் காட்ட முடியாது. கணக்கியல் தரநிலை 26 விடாது. சொந்தமாக உருவாக்கிக்கொண்ட நற்பெயருக்கு எவ்வளவு செலவானது என்று நம்பகமாக அளக்க முடியாதாம், அதனால் அது சொத்து இல்லையாம். நாளைக்கே இன்னொருவர் வந்து, கடையின் சொத்து மதிப்புக்கு மேலே ஐந்து லட்சம் சேர்த்துக் கொடுத்து வாங்கினால், அந்த ஐந்து லட்சம் வாங்கியவருடைய ஏட்டில் 'நற்பெயர்' என்று ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும்.

பரீட்சையில் இது இரண்டு மார்க் கேள்வி. கிராமத்து ஜனங்களின் பச்சிலை அறிவுக்கு முந்நூறு வருடமாக நடந்துவருவதும் கிட்டத்தட்ட இதேதான் என்பதைப் பாடப் புத்தகத்தில் போட மாட்டார்கள்.

சி.டி.எச். ரோட்டில் அம்பத்தூரிலிருந்து ஆவடி போகும்போதோ, பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசை பக்கம் போகும்போதோ, மழை பெய்து இரண்டு வாரம் கழித்து ஏதாவது ஒரு காலி மனையைப் பாருங்கள். குப்பைமேனி, தும்பை, நாயுருவி, துத்தி, மூக்கிரட்டை, கீழாநெல்லி, ஊமத்தை, எருக்கு. கம்பி வேலி இருந்தால் அதன் மேல் முடக்கத்தான், கோவை, முசுமுசுக்கை. சாக்கடை ஓரத்து ஈரத்தில் கரிசலாங்கண்ணி. மனைக்காரருக்கு இது எல்லாமே 'புதர்'. ஜே.சி.பி. வரும், ஒரு மணி நேரத்தில் வழித்துவிட்டுப் போகும். அடுத்த மழைக்கு மறுபடியும் முளைக்கும். இந்தச் செடிகள் லேசில் போகிற ரகம் இல்லை.

இவற்றின் பெயர்களைக் கொஞ்சம் நின்று யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பல பெயர்கள் மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கின்றன. முடக்கத்தானை 'முடக்கு அறுத்தான்' என்று பிரித்துச் சொல்வார்கள். கை கால் முடக்கத்தை அறுப்பவன் என்று அர்த்தம். தோசை மாவில் அந்த இலையை அரைத்து ஊற்றுவது மூட்டு வலிக்காரர்கள் வீட்டில் இன்றும் நடப்பதுதான். குப்பைமேனி என்றால் குப்பையான மேனியைச் சரிசெய்வது என்று சொல்வார்கள். சொறி சிரங்குக்கு உப்போடு சேர்த்து அரைத்துப் பூசுவது வழக்கம். கீழாநெல்லிக்கு இலைக்காம்பின் கீழ்ப்பக்கம் நெல்லி மாதிரிக் குட்டிக் குட்டிக் காய்கள் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே அதைப் போலவே இன்னொன்று நிற்கும், அது மேலாநெல்லி. மஞ்சள் காமாலைக்கு எதைப் பறிக்க வேண்டும், எதைப் பறிக்கக் கூடாது என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல லேபிள் எந்த மருந்து கம்பெனியும் ஒட்டியதில்லை.

செடி மட்டுமா, ஊர்ப் பெயரே அப்படித்தான். திருமுல்லைவாயில் முல்லைக் கொடியால் வந்த பெயர். தொண்டைமானின் யானைக் கால் முல்லைக் கொடியில் சிக்கிய கதையை அந்தக் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந் தூண்கள் நிற்கின்றன. சாலையோர எருக்கைப் பார்த்தவர்களுக்கு, அதில் தூணா என்று சந்தேகம் வரும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம். திருவேற்காடு வேல மரக் காடு. மாங்காட்டுக்கு விளக்கமே வேண்டாம். அம்பத்தூர் பக்கத்தில் அத்திப்பட்டு, ஆவடியைத் தாண்டி ரயிலில் போனால் வேப்பம்பட்டு. இன்று அத்திப்பட்டு என்றால் தொழிற்பேட்டை பஸ் ஸ்டாப்பிங்தான் ஞாபகம் வரும், அது வேறு விஷயம்.

1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. பல மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்து குடியேறினார்கள். கூடவே அவரவர் ஊர்ப் பாட்டிகளும் வந்தார்கள், பச்சிலையும் தெரிந்த கைவைத்தியமுமாக. அடுத்த தலைமுறைக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கிடைத்தது, நல்லதுதான். ஜுரம் வந்தால் டாக்டரிடம் போவதில் தப்பே இல்லை. ஆனால் பாட்டிக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமும் அதோடு போய்விட்டது. செடி வெளியே நிற்கிறது, அதன் பெயர் தெரிந்தவர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்.

மிச்சம் இருப்பது கீரைக்காரம்மாக்களிடம். திருநின்றவூர், வெள்ளவேடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிகாலையில் கூடையோடு வந்து உட்கார்வார்கள். "கொயந்தைக்குச் சளியா? இத்த எடுத்துனு போ கண்ணு, முசுமுசுக்கை. அரிசியோட அரைச்சு அடையா சுட்டுக் குடு" என்பார்கள். எவ்வளவு அரைக்க வேண்டும், எத்தனை நாள் கொடுக்க வேண்டும், முற்றின இலையா கொழுந்தா, எல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும். கட்டுக்கு உண்டான காசு மட்டும்தான், ஆலோசனைக் கட்டணம் கிடையாது. கணக்குப் பாஷையில் சொன்னால் சரக்குக்குப் பில் உண்டு, சேவைக்குப் பில் இல்லை.

இந்த முசுமுசுக்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. இதன் தாவரவியல் பெயரில் 'மதராஸ்படானா' என்று வரும். மேலாநெல்லியின் பெயரிலும் 'மதராஸ்படென்சிஸ்' என்று வரும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், மதராசப்பட்டினத்துச் செடி. 1753ல் லின்னேயஸ் ஸ்வீடனில் உட்கார்ந்து இந்தப் பெயர்களை வைத்தார். அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. பின்னே, மெட்ராஸ் வேலியில் படர்ந்த கொடி அங்கே எப்படித் தெரிந்தது?

1690களில் புனித ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்று கம்பெனியின் சர்ஜன் ஒருவர் இருந்தார். கோட்டையைச் சுற்றியுள்ள பகுதிகளில் செடிகளைச் சேகரித்து, காயவைத்து, உள்ளூர் ஜனங்கள் அதற்குச் சொன்ன தமிழ்ப் பெயரையும் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். (அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழை 'மலபார்' பாஷை என்றே சொன்னார்கள்.) அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரர் அவற்றைத் தொகுத்து, ராயல் சொசைட்டியின் இதழில் 1698லிருந்து தவணை முறையில் வெளியிட்டார். அதே 1698ல் பிரவுன் இறந்துபோனார், அவருக்குப் பிறகு வந்த எட்வர்ட் பல்க்லி வேலையைத் தொடர்ந்தார். அந்த உலர்ந்த செடிகள் ஹான்ஸ் ஸ்லோன் கைக்குப் போய், இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இப்படிக் கப்பல் ஏறிய மெட்ராஸ் செடிகளும் அவற்றைப் பற்றி அங்கே அச்சான புத்தகங்களும்தான் லின்னேயஸுக்கு முன்னால் இருந்தவை.

பிரவுன் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அவர் எழுதாமல் போயிருந்தால் அந்தத் தகவலும் போயிருக்கும். ஆனால் அந்தத் தொகுப்புகள் இன்று பிரவுன், பெட்டிவர், ஸ்லோன் என்ற பெயர்களால்தான் அறியப்படுகின்றன. "இது இருமலுக்கு ஆகும் துரை" என்று சொல்லிக்கொடுத்த ஆள் யாரோ ஒருவர். ஊருக்குப் பெயர் கிடைத்தது, ஆளுக்கு இல்லை.

அந்தக் காலத்தில் ஆள் பெயரைப் போடும் வழக்கமே இல்லை என்றும் தப்பிக்க முடியாது. அதே நூற்றாண்டில், கேரளப் பக்கம் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீடு 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்று 12 தொகுதிகள் வெளியிட்டார், 1678லிருந்து 1693 வரை. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் அதற்கு முக்கியத் துணை. அவர் எழுதிக்கொடுத்த சான்றும், கூட வேலை செய்த மூன்று கொங்கணி வைத்தியர்களின் சான்றும் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கின்றன. மனசு இருந்தால் ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம், அவ்வளவுதான்.

சரி, பழைய கதை. சமீபத்துக்கு வரலாம். 1987ல் ஒரு ஆராய்ச்சிக் குழு அகத்தியமலைக் காட்டுக்குள் போனது. டாக்டர் புஷ்பாங்கதன் தலைமை. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் மலையேறும்போது ஏதோ ஒரு பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு நாக்கு தள்ளியது. அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள், வெளியாளுக்குச் சொல்லக் கூடாத விஷயம் என்றார்கள். பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதன் இலையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்து, 1995ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு வருட உரிமம் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய், அதோடு விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. கிடைப்பதில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. 1997ல் காணிகளுக்கென்று ஒரு அறக்கட்டளை பதிவாயிற்று, 1999ல் 5 லட்சத்துக்குச் சற்று மேல் அதன் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

உலகமே பாராட்டிய ஏற்பாடு இது. பழங்குடி அறிவுக்கு ரொக்கமாகப் பங்கு கிடைத்த முதல் சில உதாரணங்களில் ஒன்று என்று புத்தகங்களில் வரும். வழிகாட்டியவர்களில் குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி என்று பெயரும் பதிவாகியிருக்கிறது, பிரவுன் காலத்துக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் சிக்கல்கள் இருக்கின்றன. காணிகளின் பரம்பரை வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவை விற்க இவர்கள் யார் என்று எதிர்த்தார்கள். சொன்னது இரண்டு மூன்று இளைஞர்கள், அறிவு எல்லோருக்கும் பொது. அப்படியானால் கையெழுத்துப் போட உரிமை யாருக்கு? காட்டில் இலையைப் பறித்து விற்று நாலு காசு பார்க்கலாம் என்றால் வனத்துறை விடவில்லை. இன்னொன்றும் உண்டு. காணிகள் அகத்தியமலையின் இந்தப் பக்கமும், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இருக்கிறார்கள். மலை ஒன்று, செடி ஒன்று, ஜனம் ஒன்று. அறக்கட்டளை கேரளத்துக் காணிகளுக்கு மட்டும்.

நற்பெயர்ப் பாடம் இங்கே ஞாபகம் வந்தால் தப்பில்லை. காணிகளின் அறிவுக்கு 1995 வரை மதிப்பு பூஜ்யம். வாங்குபவர் வந்த அன்றைக்கு 10 லட்சம். அறிவு அதே அறிவுதான்.

வாங்குபவர் வந்தபின் நிரூபிக்கவும் வேண்டும். மஞ்சள் கதை எல்லோருக்கும் தெரியும். புண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995ல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தார்கள், சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. கோடிக்கணக்கான வீடுகளில் தினமும் நடக்கும் விஷயம், ஆனால் அது சாட்சியாக நிற்காது. பழைய நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் 2001லிருந்து பாரம்பரிய அறிவு மின்நூலகம் ஒன்றை அரசாங்கம் கட்டியது. சமஸ்கிருதம், அரபி, பாரசீகம், உருது, தமிழ் நூல்களில் உள்ள மருத்துவக் குறிப்புகளை எடுத்து, பேட்டன்ட் அலுவலகங்களுக்குப் புரிகிற பாஷைகளில் போட்டார்கள். சித்த மருத்துவ நூல்கள் அதில் உண்டு. கீரைக்காரம்மா அதில் இல்லை. அவர் எழுதவில்லையே!

கிராமத்து வைத்தியம் எல்லாமே அற்புதம் என்று இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளலாம். 1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன் குழு லான்செட் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் ஒரு ஆசிரியர். வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களில் 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்து உள்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. எனவே கீழாநெல்லியை நம்பிக் காமாலைக்கு டாக்டரைப் பார்க்காமல் இருப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் அந்தச் செடியைச் சோதிக்க வேண்டும் என்று உலகத்துக்குத் தோன்றியதே, அந்தத் தூண்டுதலுக்கு விலை என்ன?

திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் இருளர்கள் இந்தக் கேள்விக்கு மிக அருகில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் இருளர் ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 1.9 லட்சம். மிகவும் நலிந்த பழங்குடிகள் பட்டியலில் இருக்கிறார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவர்கள் என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அது இவர்களைப் பற்றித்தான் இருக்கும். பாம்பு விஷயத்தில் இவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத் தோல் வியாபாரம் அடைபட்ட பிறகு, ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் விஷத்தை எடுத்து, பாம்பை மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். பாம்புக்கடி மருந்து செய்ய அந்த விஷம் போகிறது. விஷம் கிராம் கணக்கு, அதனால் பில் போட முடிந்தது. 2023ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே ஜனங்களின் செடி அறிவுக்கு அப்படி ஒரு அளவுகோல் கிடையாது. செங்கல்பட்டு அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986லிருந்து மூலிகைத் தோட்டமும் மருந்துத் தயாரிப்புமாக முயன்றுவருகிறது. பெண்கள், அதுவும் பள்ளிக்கூடம் போகாத மூத்த பெண்கள், தங்களுக்குத் தெரிந்ததைத் தங்கள் பெயரிலேயே விற்க வழி செய்த அபூர்வமான இடம். எண்ணிக்கையில் பார்த்தால் அது ஒரு துளி.

சட்டம் இல்லாமல் இல்லை. 2002ல் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் வந்தது, அதன் தேசிய ஆணையம் இருப்பதே சென்னையில்தான், தரமணியில். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு, அது அந்த ஊர் ஜனங்களைக் கேட்டு ஒரு மக்கள் பதிவேடு எழுத வேண்டும் என்பது விதி. ஊராட்சிக்கு மட்டும் இல்லை, நகராட்சி, மாநகராட்சிக்கும் உண்டு. பல வருடம் இது தூங்கிக் கிடந்தது. 2020 ஜனவரி 31க்குள் முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதும் நாடு முழுக்க அவசர அவசரமாகப் பதிவேடுகள் நிரம்பின. அசைன்மென்ட் சமர்ப்பிக்கும் கடைசி ராத்திரியில் என்ன நடக்கும் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும் :-)

2023ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நூலில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தினால் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்று விலக்கு வந்தது. எழுதப்படாத வாய்வழி அறிவுக்குப் பங்கு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. இருளர் கிழவி சொல்லும் மருந்தே ஏதாவது ஒரு பழைய சுவடியிலும் இருந்தால்? கம்பெனி சுவடியைக் காட்டிவிட்டுப் போய்விடும். நிலவேம்பு மாதிரிச் செடிகள் கிராமத்து வாயிலும் இருக்கின்றன, நூலிலும் இருக்கின்றன. சுவடியில் இல்லை என்றால், அது அவளுடைய சமூகத்தின் அறிவு என்பதற்கு அத்தாட்சி எது? மறுபடியும் அந்த மக்கள் பதிவேடுதான். அதில் ஒழுங்காக ஏறியிருந்தால்தான் உண்டு.

அந்தப் பதிவேட்டின் படிவம் உண்மையில் நல்ல படிவம். செடியின் உள்ளூர்ப் பெயர், பயன், அதைப் பற்றிய பாரம்பரிய அறிவு, அந்த அறிவு யாருடையது என்பதற்கெல்லாம் இடம் இருக்கிறது. வைத்தியம் தெரிந்தவர்களுக்குத் தனிப் பட்டியல். பெயர், வயது, முகவரி, எதில் கைதேர்ந்தவர். 300 வருடத்துக்கு முன்னால் பிரவுன் எழுதாமல் விட்ட இடம் இதுதான். ஆவடி 2019லிருந்து மாநகராட்சி, அம்பத்தூர் 2011லிருந்தே சென்னை மாநகராட்சிக்குள். இரண்டு இடத்திலும் யாராவது ஒருவர் நோட்டோடு காலை ஆறு மணிக்கு மார்க்கெட் வாசலில் போய் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் நாலைந்து பக்கம் நிரம்பும். காமர்ஸ் மாணவர்களுக்கு என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுவதற்குப் பதில் இந்த வேலையைக் கொடுக்கலாம். பேரேடு எழுதிப் பழகின கை.

பட்டியலில் இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு. 'இவர் செடிகளை எங்கிருந்து எடுக்கிறார்' என்று ஒன்று. 'அந்தச் செடிகளின் இன்றைய நிலை பற்றி இவர் என்ன நினைக்கிறார்' என்று இன்னொன்று. முதல் கட்டத்தில் கீரைக்காரம்மா சொல்லப்போவது ஏரிக்கரை, ரயில்வே லைன் ஓரம், அதோ அந்தக் காலி மனை. அந்த மனையில் போன மாதம் கம்பம் நட்டு, 'விரைவில் அடுக்குமாடிக் குடியிருப்பு' என்று போர்டு வைத்துவிட்டார்கள். இரண்டாவது கட்டத்தை அந்த அம்மா நிரப்பட்டும்.